இடுப்பில் எலும்பு நழுவல்: ஆபரேஷனா, பொறுத்துப் பார்ப்பதா?



வழக்கமாக இந்த வரிசையில் தடுப்பூசி, ரத்தசோகை, பிள்ளைகளுக்கு இடையே இடைவெளி என்றுதான் பேசுவோம். இன்று இடுப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். காரணம் உண்டு. குடும்ப நலப் பிரிவுக்கு வரும் பெண்கள், வந்த காரியம் முடிந்து எழுந்து வாசல் வரை போவார்கள். அப்புறம் திரும்பி நின்று ஒன்று கேட்பார்கள். "அக்கா, இன்னொண்ணு. இந்த இடுப்பு வலிக்கு ஏதாச்சும் மாத்திரை இருக்குதா?" முப்பது வருஷ உத்தியோகத்தில் இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. பிள்ளைகளுக்காக வருகிறார்கள். தங்களுக்கான கேள்வியை வாசற்படியில்தான் கேட்கிறார்கள்.

இப்போது எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பக்கத்து டவுனிலேயே கிடைப்பதால், சிலர் கையில் ஒரு பெரிய கவரும் அதோடு ஒரு புதுப் பயமும் சேர்ந்து வருகிறது. "எலும்பு நழுவிடுச்சாம் அக்கா. ஆபரேஷன் பண்ணலேன்னா காலு விழுந்துடுமாம்." இன்னொருவர் வந்து, "முதுகுல கத்தி வச்சா காலு விழுந்துடுமாமே?" என்று கேட்கிறார். இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான், காலு விழுந்துவிடும்! இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் நின்று எப்படி யோசிப்பது என்பதைத்தான் இன்று சொல்லப் பார்க்கிறேன். புத்தகத்தில் படித்ததை மட்டும் சொல்லவில்லை. எனக்கும் இந்த நழுவல் இருக்கிறது. என் அக்காவுக்கும் இருக்கிறது. எனக்கு ஆபரேஷன் நடக்கவில்லை, அவருக்கு நடந்தது. ஒரு வகையில் அது தாமதமாகத்தான் நடந்தது. அந்தத் தாமதத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் இரண்டு தப்பெண்ணங்களை ஒதுக்கிவிடுவோம். "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்த பிறகுதான் இடுப்பு போச்சு" என்று பல பேர் நம்புகிறார்கள். சிசேரியனுக்கு முதுகில் போட்ட மரப்பு ஊசிதான் காரணம் என்பாரும் உண்டு. ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். ஆனால் அந்த ஊசி எலும்பை நழுவ வைக்காது. கருக்குழாயைக் கட்டுவது வயிற்றுக்குள் நடக்கிற காரியம், அதற்கும் முதுகெலும்புக்கும் சம்பந்தம் இல்லை. பிள்ளை பெற்ற வயதும், பளு தூக்கும் வயதும், இடுப்பு வலி தொடங்கும் வயதும் ஒன்றாக இருப்பதால் பழி அங்கே போய் விழுகிறது.

இரண்டாவது தப்பெண்ணம் இன்னும் ஆபத்தானது. இடுப்பு வலி என்றதும் "கர்ப்பப்பைக் கோளாறு" என்று முடிவு கட்டி, கர்ப்பப்பையையே எடுத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நாற்பது வயதுகூட ஆகாத ஒரு பெண், கர்ப்பப்பையை எடுத்து ஒரு வருஷம் ஆன பிறகு, அதே வலியோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். அப்புறம்தான் அவருக்கு முதுகு எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நழுவியிருந்தது. கர்ப்பப்பையோடு சூலகத்தையும் சேர்த்து எடுத்திருந்தால் எலும்பு இன்னும் சீக்கிரம் பலம் குன்றும். ஆகவே இடுப்பு வலிக்காக மட்டும் யாராவது கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.

இனி நழுவல் என்றால் என்ன என்று பார்ப்போம். நம் வீட்டு அடுக்குப் பானையை நினைத்துக் கொள்ளுங்கள். முதுகெலும்பும் அப்படித்தான். இடுப்புப் பகுதியில் மட்டும் 5 முள்ளெலும்புகள் அடுக்கியிருக்கின்றன. இரண்டு எலும்புக்கு நடுவே மெத்தை போல ஒரு தட்டு. பின்பக்கம் நரம்புகள் போக ஒரு குழாய். பின்னாலேயே, ஓடு மேல் ஓடு படிந்தாற்போலச் சிறு மூட்டுகள் எலும்பை முன்னால் போகவிடாமல் பிடித்துக் கொள்கின்றன. இந்தப் பிடிப்பு தளர்ந்தாலோ விரிசல் விட்டாலோ, மேலே உள்ள எலும்பு கீழே உள்ளதன் மேல் கொஞ்சம் முன்பக்கமாகச் சரியும். அதுதான் நழுவல். மெத்தைத் தட்டு பிதுங்குவது வேறு வியாதி. ஜனங்கள் இரண்டையும் சேர்த்து "டிஸ்க்" என்று சொல்லிவிடுகிறார்கள். டாக்டரிடம் எது என்று தெளிவாகக் கேட்டுக் கொள்ளுங்கள். சிகிச்சை வேறுபடும்.

இந்த நழுவலில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று சிறுவயதில் தொடங்குவது. வளரும் பருவத்தில், ஐந்தாம் எலும்பின் பின்பக்க இணைப்பில் ஒரு விரிசல் விழுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு சுமார் 6 பேருக்கு இந்த விரிசல் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுக்க அது தெரியாமலே நடமாடுகிறார்கள். இன்னொன்று ஐம்பது வயதுக்கு மேல் வருவது. மூட்டுகள் தேய்ந்து, நான்காம் எலும்பு ஐந்தாம் எலும்பின் மேல் சரிவது. இது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். எனக்கும் அக்காவுக்கும் வந்தது இந்த இரண்டாவது வகை.

எவ்வளவு நழுவியது என்பதை நான்கு பாகமாக அளப்பார்கள். 1932-ல் மெயர்டிங் என்ற அமெரிக்க டாக்டர் சொன்ன கணக்கு அது. கீழ் எலும்பின் அகலத்தில் கால் பங்குக்குள் சரிந்திருந்தால் முதல் நிலை, அரைப் பங்குக்குள் இரண்டாம் நிலை, முக்கால் பங்குக்குள் மூன்று, அதற்கும் மேல் நான்கு. வயதானவர்களுக்கு வருவது பெரும்பாலும் முதல் நிலைதான், சிலருக்கு இரண்டாவது.

"நழுவல்" என்ற சொல்லே ஆளைப் பயமுறுத்துகிறது. நாளைக்கே எலும்பு கழன்று விழுந்துவிடும் என்று தோன்றும். அப்படி இல்லை. இது வருஷக் கணக்கில் மெல்ல மெல்ல நடப்பது. ஜப்பானில் ஆபரேஷன் செய்து கொள்ளாத 145 பேரை 10 வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து, 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நழுவல் அதிகமானது நூற்றுக்கு 34 பேருக்குத்தான். ஆரம்பத்தில் நரம்புக் கோளாறு இல்லாமல் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர், 10 வருஷம் கழித்தும் நரம்புக் கோளாறு இல்லாமலே இருந்தார்கள். ஆனால் அதே கணக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது. ஏற்கெனவே நரம்புக் கோளாறு இருந்தும் ஆபரேஷன் வேண்டாம் என்று மறுத்தவர்களில் பெரும்பாலோருக்கு நிலைமை மோசமானது. இந்த இரண்டு வரியையும் சேர்த்தே படிக்க வேண்டும். நான் ஒரு காலத்தில் முதல் வரியை மட்டும்தான் படித்தேன்.

என் கதையைச் சொல்கிறேன். 2019-ல், எனக்கு ஐம்பது முடிந்த சமயம். கிராமம் கிராமமாகப் பஸ்ஸில் போகிற வேலை. பஸ்ஸில் நின்றபடி போனால் இடுப்பு இற்றுப் போகும், உட்கார்ந்தால் சரியாகும். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். "முதல் நிலை நழுவல். ஒரு வாரத்துக்குள் திருகாணி வைத்துப் பொருத்தாவிட்டால் படுத்த படுக்கைதான்" என்றார்கள். என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே சங்கிலியை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். நான்தான், "இத்தனை நாள் ஊருக்கெல்லாம் இன்னொரு டாக்டரைக் கேளுங்கன்னு சொல்றோம், நாமளும் கேட்டுப் பாப்போமே" என்றேன். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவு டாக்டர் படத்தை ஒரு நிமிஷம்தான் பார்த்தார். மிச்ச நேரமெல்லாம் என்னைப் பார்த்தார். குதிகாலில் நடக்கச் சொன்னார், முன் விரலில் நடக்கச் சொன்னார். கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லித் தன் கையால் அழுத்தினார். எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, மூத்திரம் தடையில்லாமல் போகிறதா, தூங்க முடிகிறதா என்று கேட்டார். கடைசியில், "கால் பலம் நன்றாக இருக்கிறது. மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு வாருங்கள்" என்றார். அன்றிலிருந்து பயிற்சி செய்கிறேன். வலி முழுக்கப் போகவில்லை. மழைக்காலத்தில் வரும், கல்யாண வீட்டில் அரை நாள் நின்றால் வரும். ஆனால் வேலை பார்க்கிறேன், பஸ் ஏறுகிறேன். சங்கிலியும் கழுத்தில்தான் இருக்கிறது.

இந்தப் பயிற்சி என்ன என்று கேட்பீர்கள். ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நழுவிய எலும்பைப் பயிற்சி பழைய இடத்துக்குக் கொண்டு போகாது, அதை முதலில் ஒப்புக் கொள்ள வேண்டும். ஆனால் எலும்பைச் சுற்றி வயிற்றிலும் முதுகிலும் பிட்டத்திலும் தசைகள் இருக்கின்றன. கட்டுத் தளர்ந்த வேலியை நாலு பக்கமும் கயிறு கொடுத்து நிறுத்துகிற மாதிரி, இந்தத் தசைகள் பலப்பட்டால் எலும்பு ஆடாது. பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக் கொள்ளுங்கள். தொப்புளை உள்ளே இழுத்து, இடுப்பைப் பாயோடு அழுத்தி, 10 எண்ணும் வரை வைத்துப் பிறகு விடுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. அடுத்து ஒரு முழங்காலை மட்டும் கையால் நெஞ்சுப் பக்கம் இழுத்துப் பிடிப்பது, பிறகு மற்றக் கால். அதற்கு அடுத்தது, கால்களை ஊன்றிப் பிட்டத்தை மெல்லத் தூக்கி இறக்குவது. முதலில் ஒவ்வொன்றும் 5 தடவை போதும், வாரம் ஆக ஆகக் கூட்டலாம். 6 முதல் 12 வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். நாலு நாள் செய்துவிட்டு "ஒண்ணும் கேக்கலை" என்று விட்டவர்கள்தான் அதிகம். பின்பக்கம் வளைகிற ஆசனங்கள், அதாவது புஜங்காசனம், தனுராசனம், சக்கராசனம் போன்றவற்றை இந்த வியாதிக்காரர்கள் தானாகச் செய்ய வேண்டாம். நழுவலோடு குழாயும் குறுகியிருந்தால், பின்னால் வளையும்போது அது இன்னும் நெருக்கும்.

பயிற்சியைச் சொல்லித் தரத் தனியாக இயன்முறை சிகிச்சையாளர் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்தும் இந்தச் சிகிச்சை தருகிறார்கள். உங்கள் ஊர் சுகாதாரச் செவிலியரிடம் பேரைக் கொடுத்து வையுங்கள்.

படுக்கையில் கிடப்பது மருந்தாகாது. வலி கடுமையாக இருக்கும்போது ஒன்றிரண்டு நாள் படுக்கலாம். அதற்கு மேல் படுத்தால் தசை கரையும், இடுப்பு இன்னும் பலவீனமாகும். இடுப்புப் பெல்ட்டும் அப்படித்தான், பளுவான வேலை நேரத்தில் கொஞ்ச நாள் கட்டலாமே தவிர, இருபத்து நாலு மணி நேரமும் கட்டிக்கொண்டால் தசை சோம்பேறியாகிவிடும். வெந்நீர் ஒத்தடம் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரே பக்கமாக இடுப்பில் குடம் வைத்துத் தூக்குவதை விட்டு, இரண்டு சின்னக் குடமாகப் பிரித்து இரண்டு கையிலும் எடுங்கள். நடவுக்குப் போகிறவர்களிடம் குனியாதே என்று சொல்வது சுலபம். குனியாமல் நாற்று நட முடியுமா? வரப்பு ஏறும்போதெல்லாம் ஒரு நிமிஷம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டு அடுத்த பாத்தி இறங்குங்கள். தரையில் உட்காரவே கூடாது என்று பொதுவாக எல்லோருக்கும் சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லை. நழுவலால் காலுக்குப் போகும் நரம்பு நெருக்கப்பட்டவர்களுக்கு, உட்கார்ந்தாலும் முன்னால் குனிந்தாலும்தான் சுகம். நிற்பதும் நடப்பதும்தான் கஷ்டம். சைக்கிள் மிதிக்க முடிகிறது, நடக்க முடியவில்லை என்பார்கள். டாக்டருக்கு அது ஒரு முக்கியமான அடையாளம், மறக்காமல் சொல்லுங்கள்.

சுளுக்கு எடுப்பதைப் பற்றி. காலால் பிறந்தவர்கள் இடுப்பை மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை. இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவினால் சுளுக்குப் போகும் என்பதும் உண்டு. மெல்ல எண்ணெய் தேய்த்து நீவுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உடம்புக்கு இதமாகத்தான் இருக்கும். மிதிப்பதுதான் கூடாது. எலும்பு வயிற்றுப் பக்கமாக முன்னால் நழுவியிருக்கிறது. குப்புறப் படுக்க வைத்துப் பின்னாலிருந்து மிதித்தால் அது எந்தப் பக்கம் போகும்? நீங்களே யோசித்துப் பாருங்கள். "சொடக்கு" எடுத்து எலும்பைப் பழைய இடத்தில் உட்கார வைக்கிறேன் என்பவர்களிடமும் போகாதீர்கள். வருஷக் கணக்கில் சரிந்து, தசையும் நாரும் இறுகிப்போன எலும்பு ஒரு சொடக்கில் திரும்பாது.

மாத்திரை விஷயம். மெடிக்கல் ஷாப்பில் "இடுப்பு வலிக்கு ஒரு செட்" என்று காகிதத்தில் மடித்து வாங்கிச் சாப்பிடும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அதில் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரை இருக்கும். டாக்டர் சொல்லி ஒரு வாரம், பத்து நாள் சாப்பிட்டால் பலன் உண்டு. மாதக் கணக்கில் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் பழுதாகும். ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு இன்னும் ஆபத்து. பேர் எழுதாத பொட்டலப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது வலியை மந்திரம் போட்டாற்போல் நிறுத்தும், உள்ளே எலும்பைத் தின்றுவிடும்.

நரம்பைச் சுற்றி முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி வேறு. அதை ஆஸ்பத்திரியில், இடம் பார்த்து, அதில் பழகிய டாக்டர் போடுவார். கால் வலி அதிகமாக இருக்கும்போது சில வாரமோ சில மாதமோ ஆறுதல் தரும். அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்கலாம். நழுவலை அது குணப்படுத்தாது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஊசி போட்ட பிறகு சில நாள் சர்க்கரை ஏறும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இப்போது அக்கா கதை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். எனக்கு வந்த அதே நான்காம் எலும்பு, அதே முதல் நிலை. படத்தை என்னிடம்தான் முதலில் காட்டினார். "எனக்கும் இதே தான்க்கா. நான் பயிற்சியிலேயே சமாளிக்கலையா? பொறுத்துப் பாருக்கா" என்றேன். தங்கை சுகாதாரக் கல்வியாளர், படித்தவள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் பொறுத்தார். முதலில் பெருமாள் கோயில் வரை நடந்தவர், அப்புறம் தெருமுனை வரைதான் நடந்தார். அடுத்து நாலு வீடு தள்ளி உள்ள விளக்குக் கம்பம். அங்கே போய்ச் சேர்வதற்குள் இரண்டு திண்ணையில் உட்கார்ந்து எழுவார். கால் மரத்துவிடும், கனத்துவிடும். ஒரு வருஷம் இப்படி. ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தபோது வலது காலில் செருப்பு இல்லை. "எங்கேக்கா செருப்பு?" என்றேன். குனிந்து பார்த்தார். வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை.

பாதத்தை மேலே தூக்கும் பலம் குறைந்துபோனதற்கு அடையாளம் அது. எனக்குச் செய்த அந்தக் கட்டைவிரல் சோதனையை நான் அக்காவுக்குச் செய்து பார்த்திருக்கலாம். செய்யச் சொல்லி அனுப்பியாவது இருக்கலாம். படம் ஒன்றாக இருந்ததால் வியாதியும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். என் நரம்பு நெருக்கப்படவில்லை, அவருடையது நெருக்கப்பட்டிருந்தது. அதுதான் வித்தியாசம்.

2022-ல் அரசு ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தது. இந்த ஆபரேஷனில் இரண்டு காரியம் உண்டு. ஒன்று, நரம்பை நெருக்குகிற எலும்பையும் தடித்த நாரையும் செதுக்கி எடுத்து நரம்புக்கு இடம் விடுவது. இன்னொன்று, நழுவிய எலும்பையும் அடுத்த எலும்பையும் திருகாணியும் கம்பியும் வைத்து நிறுத்தி, நடுவில் எலும்புத் துண்டுகள் வைத்து இரண்டும் ஒன்றாக ஒட்டும்படி செய்வது. திருகாணி தற்காலிகப் பிடிப்புதான். உண்மையில் ஒட்ட வேண்டியது எலும்பு, அதற்கு 6 மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும். அக்காவுக்குக் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பு நன்றாக ஆடுவது தெரிந்தது. அதனால் இரண்டு காரியமும் செய்தார்கள்.

எல்லோருக்கும் இரண்டும் தேவையா என்பதில் டாக்டர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. அமெரிக்காவில் சுமார் 600 பேரை வைத்து நடந்து, 2007-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. நழுவலோடு நரம்பு நெருக்கமும் இருந்து 12 வாரத்துக்கு மேல் காலில் தொல்லைப்பட்டவர்கள் அவர்கள். ஆபரேஷன் செய்து கொண்டவர்களுக்கு வலியும் நடமாட்டமும் கணிசமாகத் தேறியது. செய்து கொள்ளாதவர்களும் ஓரளவு தேறினார்கள், ஆனால் அந்த அளவு இல்லை. 2016-ல் ஸ்வீடனில் 247 பேரிடமும் 2021-ல் நார்வேயில் 267 பேரிடமும் பார்த்ததில், நரம்புக்கு இடம் விட்டது மட்டும் போதும், எலும்பைப் பொருத்தியதால் பெரிதாகக் கூடுதல் பலன் இல்லை என்று தெரிந்தது. அதே 2016-ல் அமெரிக்காவில் 66 பேரை வைத்து நடந்த ஒரு சிறு ஆய்வில், பொருத்தியவர்கள் கொஞ்சம் மேலாக இருந்தார்கள், மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டதும் குறைவு. ஆகவே "திருகாணி கட்டாயமா டாக்டர்? நரம்புக்கு இடம் விட்டால் மட்டும் போதாதா? என் எலும்பு ஆடுகிறதா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டிச் சொல்வார்.

ஆபரேஷனால் வரக்கூடிய கெடுதலும் தெரிந்திருக்க வேண்டும். புண் சீழ் பிடிக்கலாம், நரம்பு உறையில் கிழிசல் விழலாம், அபூர்வமாக நரம்பே காயப்படலாம். எலும்பு ஒட்டாமல் போகலாம். பொருத்திய எலும்புக்கு மேலே உள்ள எலும்பு, வருஷங்கள் கழித்துத் தேய்ந்து தொல்லை தரலாம். சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் போனால் சீழ் பிடிக்கும் அபாயம் கூடும். பீடி, சிகரெட் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். வெற்றிலையோடு புகையிலை போடும் அம்மாக்களும் அதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். எலும்பு மெலிந்தவர்களுக்குத் திருகாணி பிடிப்பு விட்டுப் போகலாம். இன்னொன்று, ஆபரேஷன் கால் வலிக்குத் தரும் பலனை இடுப்பு வலிக்கு அதே அளவில் தருவதில்லை. கால் வலியே இல்லாமல், வெறும் இடுப்பு வலிக்காக மட்டும் ஆபரேஷனுக்கு அவசரப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் நழுவல் தெரிவதாலேயே உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்றும் ஆகாது. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அதே படம் இருக்கும்.

இனிச் சொல்வதைத் தாமதிக்காமல் கேளுங்கள். மூத்திரம் வராமல் அடைத்துக்கொண்டால், அல்லது தெரியாமல் போய்விட்டால், மலம் அடக்க முடியாமல் போனால், பிறப்புறுப்பைச் சுற்றியும் உட்காரும் இடத்திலும் மரத்துப் போனால், கால் பலம் திடீரென்று குறைந்தால், அதற்குப் பயிற்சியும் இல்லை, ஒத்தடமும் இல்லை. அன்றைக்கே, அது ராத்திரியானாலும், 108-க்குப் போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெட்கப்பட்டுக் கொண்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்த பெண்கள் உண்டு. அந்த இரண்டு நாளில் போன நரம்பு திரும்புவது கஷ்டம். மாமியாரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் செவிலியரிடம் சொல்லுங்கள். சாயங்காலக் காய்ச்சல், உடல் இளைப்பு, படுத்தாலும் குறையாத ராத்திரி வலி என்று இருந்தால், அது நழுவலாக இல்லாமல் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். அதற்கு மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது, முதலில் பரிசோதனை செய்ய வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வேகப்பந்து வீசும் பையன், ஜிம்னாஸ்டிக் செய்யும் பெண் இடுப்பு வலி என்று வாரக் கணக்கில் சொன்னால், "விளையாட்டுக்குப் போகாம இருக்கச் சாக்கு" என்று தள்ளிவிடாதீர்கள். விரிசல் ஆரம்பமாக இருக்கலாம். சில மாதம் விளையாட்டை நிறுத்திப் பயிற்சி செய்தாலே பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள். நழுவல் பாதிக்கு மேல் போன வளரும் பிள்ளைகளுக்குத்தான் சீக்கிரம் ஆபரேஷனைப் பற்றி டாக்டரோடு பேச வேண்டியிருக்கும்.

செலவு விஷயம். கடன் வாங்கியோ, கறவை மாட்டை விற்றோ தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். அரசு ஆஸ்பத்திரிகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் அதற்கென்று ஒரு மேசை இருக்கும். உங்களுக்குச் சொன்ன ஆபரேஷன் திட்டத்தில் அடங்குமா என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததா என்று பாருங்கள், படுத்து எடுத்தால் சிலருக்கு நழுவல் தெரியாமலே போகும். எத்தனை வீடு தூரம் நடக்க முடிகிறது என்பதை மாதா மாதம் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வையுங்கள். அந்தக் காகிதம் ஸ்கேனைவிட அதிகம் சொல்லும். தூரம் குறைந்துகொண்டே வந்தால், "பொறுத்துப் பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், பொறுக்காதீர்கள்.

அக்காவுக்குக் கால் வலி அடியோடு போய்விட்டது. பெருமாள் கோயிலுக்கு நடந்தே போகிறார், வழியில் ஒரு திண்ணைகூடத் தேவையில்லை. பாதத்தின் பலம் மட்டும் முக்கால்வாசிதான் திரும்பியது. இன்றும் வலது காலில் பின்பக்கம் வார் வைத்த செருப்புதான் போடுகிறார். இன்று அவரையும் அழைத்து வந்திருக்கிறேன், வேப்ப மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஆபரேஷன் முடிந்து முதல் நாள் எழுந்து நின்றது எப்படி இருந்தது, எத்தனை நாளில் அடுப்படிக்குப் போனார், தழும்பு எவ்வளவு நீளம் என்பதெல்லாம் என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கேட்க விரும்புகிறவர்கள் போய்க் கேளுங்கள். பாய் கொண்டு வந்தவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள், பயிற்சியைச் செய்து காட்டுகிறேன்.